பழைய மடிக்கணினிக்கு ஏற்ற இயங்குதளம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளியில் பல வீடுகளில் ஒரு பொருளைக் காணலாம். அலமாரியின் மேல்தட்டிலோ, பழைய புத்தகப் பெட்டியின் அடியிலோ அது கிடக்கும். அதுதான் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினி. அரசுப் பள்ளிகளிலும், அரசு உதவி பெறும் பள்ளிகளிலும், கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட் அவற்றைக் கொள்முதல் செய்தது. தொடக்க ஆண்டுகளில் வந்த பொறிகளில் 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. விண்டோசோடு பாஸ் லினக்ஸ் என்னும் இந்திய இயங்குதளமும் அவற்றில் நிறுவப்பட்டிருந்தது.

அந்தக் கணினியைக் கொண்டு அக்காள் படித்து முடித்தாள், வேலைக்குச் சென்றாள். இன்று தங்கை கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். அவளுக்குக் கணினி வேண்டும். “வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே” என்று கேட்டால், “அது பழசு ஐயா, ஓடாது” என்று விடை வருகிறது. புதிய மடிக்கணினியின் விலையோ ஒரு விசைத்தறித் தொழிலாளியின் பல வாரக் கூலி. ஆகவே அவள் கைப்பேசியின் சிறு திரையிலேயே பாடம் படிக்கிறாள். அதிலேயே நிரல் எழுதிப் பழக முயல்கிறாள்.

அந்தப் பழைய கணினி உண்மையில் ஓடாதா? ஓய்வு பெற்ற பின்னர் இத்தகைய பொறிகள் சிலவற்றை மாணவர்களோடு அமர்ந்து நான் திறந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவற்றில் திரை ஒளிர்ந்தது, விசைகள் இயங்கின, வன்தட்டும் நலமாகவே இருந்தது. பொறி கெடவில்லை. அதன்மேல் அது தாங்க இயலாத சுமையை ஏற்றியிருந்தார்கள், அவ்வளவே. அச்சுமையை இறக்கி, தாங்கக்கூடியதை ஏற்றுவது எப்படி என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில், கணினி ஏன் மெதுவாகிறது என்பதை அறிந்துகொள்வோம். நிலக்கடலையோ சோளமோ அறுவடையாகும் காலத்தில் களத்து மேட்டைப் பார்த்திருப்பீர்கள். வீட்டில் குதிர் இருக்கும். வெளியில் களம் இருக்கும். குதிரில் எவ்வளவு தானியத்தையும் சேமிக்கலாம். ஆயின் அங்கேயே காயவைக்கவும் தூற்றவும் இயலாது. வேலை நடப்பது களத்தில்தான். கணினியின் வன்தட்டு குதிர் போன்றது. ரேம் என்னும் நினைவகம் களம் போன்றது. 320 ஜிபி என்பது குதிரின் அளவு; 2 ஜிபி என்பது களத்தின் அளவு. நீங்கள் எந்த நிரலைத் திறந்தாலும் அது வன்தட்டிலிருந்து நினைவகத்திற்கு வந்தே இயங்க வேண்டும்.

களம் நிறைந்துவிட்டால் என்ன ஆகும்? உழவர் ஒரு பகுதியைத் திரும்ப அள்ளி வீட்டில் வைத்துவிட்டு, வேண்டும்போது மீண்டும் கொண்டுவருவார். கணினியும் அவ்வாறே செய்கிறது. நினைவகம் போதாதபோது, உடனடியாகத் தேவைப்படாத பகுதிகளை வன்தட்டில் ஒதுக்கி வைக்கிறது. ‘ஸ்வாப்’ என்று இதனைச் சொல்வர். வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. ஆதலால் பொழுதெல்லாம் அள்ளுவதும் கொட்டுவதுமாகவே கழிகிறது, வேலை நடப்பதில்லை. வன்தட்டு விளக்கு ஓயாது மின்ன, சுட்டி நகர மறுக்கும் நிலை இதுவே. இதனைக் கண்டுதான் கணினி கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்கின்றனர்.

இனி, இயங்குதளம் என்பது யாது? நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை ஆகிய எல்லாவற்றையும் மேற்பார்த்து, நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் அடிப்படை மென்பொருள் அது. அதற்கும் களத்தில் இடம் வேண்டும். அதுவே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டால் உங்கள் வேலைக்கு எஞ்சுவது சிறிதே. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகத்தையும், சில பாதுகாப்பு உறுப்புகளையும் கேட்கிறது. நம் பழைய பொறி அந்த வாயிலுக்குள் நுழையவே முடியாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. ஆதரவு முடிதல் என்றால், புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குத் திருத்தம் வழக்கமாக வாராது என்பது பொருள். அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கையோ கல்லூரிக் கட்டணத்தையோ கையாள்வது நன்றன்று. விலை கொடுக்காமல் கிடைக்கும் திருட்டுப் படிகளோ அதனினும் கேடு.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் நமக்கு உதவுகிறது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் மாணவர், 1991இல் தம் சொந்தக் கணினிக்காக ஓர் இயங்குதளத்தின் கருப்பகுதியை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதற்கு முன்னரே, 1983இல், ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர், யாவரும் பயன்படுத்தவும், படித்தறியவும், மாற்றவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள குனு என்னும் மென்பொருள் திட்டத்தை அறிவித்திருந்தார். 1992இல் லினக்சும் அத்திட்டத்தின் பொது உரிமத்தை ஏற்றது. இரண்டும் இணைந்து முழுமையான இயங்குதளமாயின. இதனைப் படியெடுத்துத் தோழனுக்குக் கொடுப்பது குற்றமன்று. உரிமமே அதற்கு இசைவு தருகிறது.

லினக்ஸ் ஒன்றுதானே, அதற்கு ஏன் இத்தனை பெயர்கள் என்று மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. டெபியன், உபுண்டு, மின்ட், பாஸ் என்று பட்டியல் நீள்கிறது. இதற்கு விடை நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் இருக்கிறது. லாரி ஆலையிலிருந்து சேஸ் வருகிறது; அதில் எஞ்சினும் சக்கரங்களும் உண்டு. அதற்குப் பாடி கட்டுவது நம் ஊர்ப் பட்டறை. அதே சேஸின் மேல் ஒருவர் சரக்கு லாரி கட்டுவார். ஒருவர் டேங்கர் கட்டுவார். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி ஆக்குவார்கள். லினக்சின் கருப்பகுதி சேஸ் போன்றது. அதன்மேல் திரைத் தோற்றம், கோப்பு மேலாளர், உலாவி, எழுது நிரல் ஆகியவற்றைப் பொருத்தித் தருவோர் வெவ்வேறு குழுவினர். அவர்கள் தரும் முழு வண்டிக்கு ‘டிஸ்ட்ரிபியூஷன்’, அதாவது வழங்கல், என்று பெயர். பாடி கனமாக இருந்தால் ஏற்றக்கூடிய சரக்கு குறையும். கணினியிலும் அப்படியே.

இவ்வழங்கல்களின் கனத்தைப் பெரிதும் முடிவு செய்வது அவற்றின் முகப்புச் சூழல். நோம், கேடிஇ போன்றவை அழகும் வசதியும் மிக்கவை. ஆயின் நினைவகத்தையும் மிகுதியாகக் கேட்பவை. 1996இல் ஒலிவியே ஃபூர்தான் என்னும் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய எக்ஸ்எஃப்சிஇ நடுத்தரமானது. எல்எக்ஸ்க்யூடி அதனையொத்த எளிமையுடையது. ஐஸ்டபிள்யூஎம் போன்ற சாளர மேலாளர்கள் மிக மெலிந்தவை. அவற்றில் அலங்காரம் இல்லை. தேவையான பட்டியும் சாளரமும் உண்டு.

இனித் தேர்வு செய்யும் முறைக்கு வருவோம். மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: நினைவகம் எவ்வளவு? கணினியின் அமைப்புப் பகுதியில் இதனைக் காணலாம். 1 ஜிபி அல்லது அதற்குக் குறைவா, 2 ஜிபியா, 4 ஜிபியா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி: செயலி 32 பிட்டா, 64 பிட்டா? இது வெறும் எண் வேறுபாடு அன்று. 32 இருமக் குறிகளால் எண்ணக்கூடிய முகவரிகள் இரண்டின் 32ஆம் அடுக்கு, அதாவது 4,29,49,67,296. ஒவ்வொரு முகவரியும் ஒரு பைட் எனக் கொண்டால் அது சரியாக 4 ஜிபி. உலகில் பெரும்பாலான மென்பொருள் இன்று 64 பிட்டுக்கு மாறிவிட்டது. கூகுள் குரோம் 2016லேயே 32 பிட் லினக்சைக் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13க்கு 32 பிட் கணினிகளுக்கான நிறுவும் படி கிடையாது. ஆகவே செயலி 64 பிட்டாக இருந்தால் 64 பிட் வழங்கலையே கொள்ளுங்கள். லினக்சில் முனையத்தைத் திறந்து ‘எல்எஸ்சிபியு’ என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளைத் தட்டினால், செயலி எவ்வகையினது என்று அது சொல்லும். 2011க்குப் பின் நம் மாணவர்க்குக் கிடைத்த இரட்டைக் கருச் செயலிகள் 64 பிட்டைத் தாங்குபவை. அதற்கு முற்பட்ட சில சிறு நோட்டுக் கணினிகளே 32 பிட்டோடு நின்றுவிட்டவை.

மூன்றாம் கேள்வி: கணினியில் என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? பலர் இதனைக் கேட்பதேயில்லை. பாடக் குறிப்பு எழுதுதல், பிடிஎஃப் நூல்களைப் படித்தல், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் வரும் பைத்தான் நிரல்களை இயக்கிப் பார்த்தல் ஆகியவை இலேசான வேலைகள். இணையத்தில் காணொளிப் பாடம் பார்ப்பது நடுத்தரச் சுமை. காணொளியைத் தொகுப்பதும் முப்பரிமாண விளையாட்டும் பழைய பொறிக்கு ஆகாதவை. வணிகவியல் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. டாலி கணக்கு மென்பொருள் விண்டோசுக்காகச் செய்யப்பட்டது. அதனை நாள்தோறும் பழக வேண்டியவர் கல்லூரிக் கூடத்துக் கணினியை நம்பலாம். அல்லது வீட்டுக் கணினியில் விண்டோசையும் ஒரு புறம் விட்டுவைக்கலாம்.

இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் தேர்வு பெரும்பாலும் முடிந்துவிடும்.

1 ஜிபியோ அதற்குக் குறைவோ உடைய பொறிக்கு ஆன்டிஎக்ஸ், பப்பி லினக்ஸ் ஆகிய இரண்டையும் கருதலாம். ஆன்டிஎக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது; 512 எம்பி நினைவகமுள்ள முதிய பொறிகளையும் மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டது. 2023இல் வந்த அதன் 23ஆம் பதிப்பு 32 பிட்டிலும் கிடைக்கிறது. பப்பி லினக்சை 2003இல் ஆஸ்திரேலியரான பேரி கவ்லர் தொடங்கினார். அது முழுவதையும் நினைவகத்திலேயே ஏற்றிக்கொண்டு இயங்கவல்லது. வன்தட்டே பழுதான கணினியைக்கூடப் பென் டிரைவிலிருந்து அதனைக்கொண்டு இயக்கலாம். ஆயின் பப்பி வழக்கமாகப் பயனரை முழு அதிகாரமுடைய நிர்வாகியாகவே உள்ளே விடுகிறது. பலர் கைபடும் கணினிக்கு இது ஏற்றதன்று.

2 ஜிபி உடைய பொறியே நம் வீடுகளில் மிகுதி. அதற்கு எல்எக்ஸ்க்யூடி அல்லது எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன் கூடிய டெபியன் நல்ல நடுவழி. 2023இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து, வைஃபை போன்ற உறுப்புகளுக்கு வேண்டிய நிலைப்பொருள்களையும் டெபியன் தன் நிறுவும் படியிலேயே சேர்த்துத் தருகிறது. முன்பு புதியவரை வருத்திய ஒரு தொல்லை இதனால் குறைந்தது. எம்எக்ஸ் லினக்சின் ஃப்ளக்ஸ்பாக்ஸ் பதிப்பும், லுபுண்டுவும் இவ்வகுப்பைச் சேர்ந்தவையே.

லுபுண்டுவைப் பற்றி ஒரு சொல். இலேசானது என்று பெயர் பெற்ற வழங்கல் அது. ஆயினும் 2018இல் அதன் ஆக்குநர்களே, பழைய பொறிகளை முதன்மையாகக் கருதுவதை விட்டுவிட்டதாக அறிவித்தனர். பத்தாண்டுக்கு முன் எழுதப்பட்ட பரிந்துரையைப் படித்துவிட்டு இன்று அதனை ஏற்றுபவர் ஏமாறக்கூடும். பெயரை நம்புவதினும் நிறுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

4 ஜிபி இருந்தால் உங்களுக்குக் கவலை குறைவு. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தொடக்க நிலையினர்க்கு மிகவும் ஏற்றது. அதன் ஆக்குநர்கள் 2 ஜிபியைக் குறைந்த அளவாகவும், 4 ஜிபியை வசதியான அளவாகவும் குறிக்கின்றனர்.

பாஸ் லினக்சை மறந்துவிடக் கூடாது. சிடாக் என்னும் மத்திய அரசு ஆய்வு நிறுவனம் சென்னையில் இதனை உருவாக்கி, 2007இல் முதற்பதிப்பை வெளியிட்டது. டெபியனே இதற்கும் அடிப்படை. இந்திய மொழிகளுக்கு முதலிடம் கொடுத்தது இதன் சிறப்பு. அரசு தந்த பழைய மடிக்கணினியில் இது ஏற்கெனவே இருக்கக்கூடும். ஆயின் பத்தாண்டுக்கு முற்பட்ட அப்பதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு இணையத்தில் உலவுதல் தகாது. பாஸ் வேண்டுவோர் புதிய பதிப்பைப் பெற்று, தம் பொறி அதனைத் தாங்குகிறதா என்று சோதித்த பின்னரே நிறுவ வேண்டும்.

சோதிப்பது எப்படி? லினக்சில் இதற்கு ஓர் அரிய வசதி உண்டு. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று பெரும்பாலும் போதும். வழங்கலின் அதிகாரப்பூர்வ இணையதளத்திலிருந்தே படிமக் கோப்பை இறக்குங்கள். அங்கே ஷா-256 என்னும் நீண்ட சரிபார்ப்பு எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கும். இறக்கிய கோப்பிலிருந்து அவ்வெண்ணைக் கணித்து ஒப்பிட்டால், கோப்பு சிதையாமல் வந்ததா என்பது விளங்கும். பிறகு ரூஃபஸ் போன்ற கருவியால் அதனைப் பென் டிரைவில் பதிக்க வேண்டும். பதிக்கும்போது அதில் முன்பிருந்தவை யாவும் அழிந்துபோகும். கணினியை அணைத்துத் தொடங்குகையில் எஃப்12 போன்ற ஒரு விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். விசை பொறிக்குப் பொறி மாறும். பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சிறிது நேரத்தில் புதிய திரை தோன்றும். வன்தட்டில் இருப்பவை தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

அந்நிலையில் ஐந்து பொருள்களைப் பாருங்கள். வைஃபை இணைகிறதா? ஒலி கேட்கிறதா? திரை தெளிவாக இருக்கிறதா? தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தோன்றுகின்றனவா? கணினியை மூடித் திறந்தால் மீண்டும் விழிக்கிறதா? இவற்றில் தேறினால், உங்கள் கல்லூரித் தளம் ஒன்றையும் காணொளிப் பாடம் ஒன்றையும் உலாவியில் திறந்து வையுங்கள். பின்னர் முனையத்தில் ‘ஃப்ரீ’ என்னும் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ‘எச்’ என்னும் சிற்றெழுத்தும் இடுங்கள். நினைவகக் கணக்கு ஒரு சிறு அட்டவணையாக வரும்.

இந்த அட்டவணையைப் படிப்பதில் மாணவர் பலர் குழம்புகின்றனர். அதில் ‘ஃப்ரீ’ என்னும் தலைப்பின்கீழ் உள்ள எண் மிகச் சிறிதாக இருக்கும். அதனைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தை வீணாக விடுவதில்லை; அண்மையில் வன்தட்டிலிருந்து படித்தவற்றை அதில் வைத்துக்கொள்ளும்; நிரல் எதுவும் இடம் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். எனவே நீங்கள் பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’ என்னும் கடைசித் தலைப்பு. உலாவி திறந்திருக்கும்போதே அங்குச் சில நூறு எம்பி எஞ்சியிருந்தால் அந்த வழங்கல் உங்கள் பொறிக்குப் பொருந்தும். மிகச் சிறிதே எஞ்சினால் இன்னும் மெலிந்த ஒன்றைப் பென் டிரைவில் பதித்துப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து ஓடும்போது வேகம் குறைவாகவே இருக்கும். நிறுவியபின் அது மேம்படும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இயங்குதளம் எவ்வளவு இலேசாயினும் உலாவி இலேசாகாது. இன்றைய இணையப் பக்கங்கள் படங்களும் காணொளிகளும் நிரல்களுமாக நிறைந்தவை. நினைவகம் முழுவதையும் விழுங்கவல்லவை அவையே. இயங்குதளத்தை மாற்றுவதால் நாம் பெறுவது களத்தில் கூடுதல் இடம், களமே பெரிதாகிவிடுவதில்லை. ஆகவே 2 ஜிபி பொறியில் இரண்டு மூன்று பக்கங்களுக்கு மேல் ஒரே வேளையில் திறவாதிருத்தல் நன்று. ‘இசட்ரேம்’ என்னும் வசதியையும் இயக்கிக்கொள்ளலாம். அது ஒதுக்க வேண்டியவற்றை வன்தட்டிற்கு அனுப்பாமல் நினைவகத்திலேயே சுருக்கி வைக்கிறது. கோணியைக் குலுக்கி இறுக்கிக் கட்டினால் இடம் மிஞ்சுவது போன்றது இது. கையில் சிறிது பணம் சேர்ந்தால், பொறி ஏற்குமாயின் இன்னொரு நினைவகப் பட்டையைச் சேர்ப்பதும், வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்துவதும் பெரும் பயன் தரும். இவற்றை அறிந்த பழுதுபார்ப்போரைக் கொண்டு செய்யுங்கள். மின்கலம் உப்பியிருக்கும் கணினியை இயக்கவே கூடாது; அதனைக் கழற்றி மாற்றிய பின்னரே பிற வேலை.

நிறுவும் நாளில் செய்ய வேண்டிய முதற்கடமை, வன்தட்டில் உள்ள படங்களையும் சான்றிதழ்ப் படிகளையும் வேறிடத்தில் படியெடுத்து வைப்பது. அதில் அக்காளின் கல்லூரி நினைவுகள் இருக்கும். மறைந்த பாட்டியின் ஒரே ஒளிப்படமும் இருக்கலாம். ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவு’ என்னும் வரியைச் சொடுக்கிவிட்டால் அவற்றை மீட்பது அரிது. வீட்டாரைக் கேளாமல் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். நிறுவுகையில் கணினி மின்னிணைப்பில் இருக்கட்டும்.

நிறுவிய பின் தமிழுக்கு வழி செய்யுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை லினக்சில் விலையின்றிக் கிடைக்கிறது. ஐபஸ் என்னும் உள்ளீட்டு நிரலையும் அதற்குரிய எம்17என் தொகுப்பையும் சேர்த்தால் போதும். கட்டுரை எழுத லிப்ரெஆபிஸ் இருக்கிறது. பைத்தான் பெரும்பாலான வழங்கல்களில் முன்னரே இருக்கும். ஐயம் எழுந்தால் தமிழிலேயே படித்துத் தெளியலாம். கணியம் என்னும் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளைத் தமிழில் வழங்கி வருகிறது.

“நகரத்துக் கல்லூரிகளில் யாரும் லினக்ஸ் பயன்படுத்துவதில்லையே, இது இல்லாதவர்க்கான மாற்று ஏற்பாடுதானே?” என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். அவள் குரலில் இருந்த தயக்கம் எனக்குப் புரிந்தது. இனாமாக வந்த பழைய பொருள் என்பதால் அது தாழ்ந்தது என்று எண்ணும் கூச்சம் அது. அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஒவ்வொன்றும் லினக்சிலேயே இயங்கி வருகிறது. உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் லினக்சின் கருவே. அண்டை மாநிலமாகிய கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளைக் கொண்டே நடைபெறுகிறது. நம் பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் உபுண்டு இடம் பெற்றுள்ளது. வீட்டிலுள்ள பழைய பொறியில் நீங்கள் பழகும் கட்டளைகளும், பெங்களூரின் பெரு நிறுவனத்தில் பொறியாளர் தட்டும் கட்டளைகளும் பெரிதும் ஒன்றே. அவர் கணினி விரைந்து விடை சொல்லும். உங்களுடையது சற்று நின்று சொல்லும். கற்கும் பாடத்தில் குறைவில்லை.

இன்னுமொரு நன்மையும் உண்டு. எறியப்படும் கணினி வெறும் குப்பையன்று. அதன் பற்றவைப்புகளில் ஈயம் இருக்கலாம். மின்கலத்தில் தீப்பற்றும் வேதிப்பொருள்கள் உண்டு. அவை முறையின்றி உடைக்கப்பட்டு எரிக்கப்பட்டால் மண்ணும் நீரும் கெடும். ஒரு பொறி இன்னும் நான்காண்டு உழைத்தால், அதற்கு ஈடாக ஒரு புதிய பொறி செய்ய வேண்டிய தேவையும் தள்ளிப்போகிறது.

மாணவ மாணவியரே, வரும் விடுமுறையில் அலமாரியிலிருக்கும் அந்தக் கணினியை எடுங்கள். தூசு துடையுங்கள். நினைவகம், செயலி, வேலை என்னும் மூன்று விடைகளையும் ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ உள்ள கணினி ஆசிரியரிடம் அத்தாளைக் காட்டி, ஒரு பென் டிரைவில் தக்க வழங்கலைப் பதித்துத் தரக் கேளுங்கள். ஓட்டிப் பாருங்கள், பொருந்தினால் நிறுவுங்கள், பொருந்தாவிடின் மற்றொன்றைச் சோதியுங்கள். உங்களுக்கு இது கைவந்தபின், அடுத்த தெருவில் இதே நிலையில் கிடக்கும் இன்னொரு கணினிக்கும் அதே பென் டிரைவை எடுத்துச் செல்லுங்கள். அதற்கு எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை.